உறுதியில் இல்லாத பெயர்

எங்கள் கரையோர ஊர்களில் வீடு என்பது பெண்ணுக்குரியது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்த வாசலில் நின்று "இது யார்ர வீடு?" என்று கேட்டாலும் பதில் ஓர் ஆணின் பெயரில் வரும், உறுதியை எடுத்துப் பார்த்தால் அநேகமாகப் பெண்ணின் பெயர் இருக்கும். மாப்பிள்ளை வந்து குடியேறுகிறவர். பெண் பிறந்த வளவிலேயே வாழ்ந்து, அங்கேயே மௌத்தாகி, வீட்டை மகளுக்கு எழுதிவிட்டுப் போகிறாள். இந்த வழமையின் நன்மை தீமைகளைப் பற்றி நம்மவர்கள் போதியளவு கதையும் கவிதையும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஓர் ஆண் தனது தாயின் வீட்டை விற்க முன்வருகிறான் என்றால், எங்கள் பக்கத்தில் விலையைக் கேட்பதற்கு முன்னரே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இவனுக்குச் சகோதரிகள் இல்லையா?

2018 இல் எனது மகளுக்காக வீடொன்று தேடினேன். கையிலிருந்தது வயல் விற்ற காசும், ஓய்வூதியத்தோடு கிடைத்த பணமும், மூத்த மகன் கட்டாரிலிருந்து அனுப்பியதும். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தாம், கைக்கூலி கேட்கவில்லை. "புள்ள இரிக்கிறதுக்கு ஒரு வீடு மட்டும்" என்றார்கள். அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்குள் ஒரு தகப்பனின் முப்பது வருடச் சம்பளம் அடங்கிவிடுகிறது என்பது சொல்பவர்களுக்குத் தெரிவதில்லை. நிக்காஹ்வுக்கு ஐந்து மாதம் இருந்தது.

முதலில் பார்த்த மூன்று வீடுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று கடலுக்கு மிகக் கிட்ட. சுனாமிக்குப் பிறகு 2005 இல் கிழக்கில் 200 மீற்றர் என்று வரையறுத்து, பின்னர் தளர்த்திய அந்த எல்லைக்குள் வரும் வீடு. சட்டம் தளர்ந்தாலும் எனது மனைவி தளரவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் அவள் கண்ட காட்சிகள் அப்படி. இரண்டாவது, வயலை நிரப்பிக் கட்டியது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி நெற்காணியை நிரப்ப முடியாது. அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டேன். "இஞ்ச எல்லாரும் அப்படித்தானே சேர் கட்டிரிக்காங்க" என்றார் உரிமையாளர். அவ்வீட்டின் சுவரில், புதுப்பெயின்ற்றுக்குக் கீழே, இடுப்பளவு உயரத்தில் ஒரு கோடு மங்கலாகத் தெரிந்தது. 2011 ஜனவரி வெள்ளத்தின் கையெழுத்து அது. மூன்றாவது 'ஒப்பக் காணி'. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் குடும்பத்துக்கு வழங்கிய அனுமதிப் பத்திரக் காணியை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளை வைத்து எழுதிவிட்டால் உறுதியாகிவிடும் என்று நம்பி, காசைக் கொடுத்துவிட்டுப் பிரதேச செயலக வாசலில் காத்திருப்பவர்களை எனக்கு நேரிலே தெரியும். பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாத கைமாற்றம் வெறும் கடதாசி.

நான்காவது வீடு பிடித்துப் போயிற்று. 20 பேர்ச்சஸ் வளவு. பழைய கல்வீடு, முன்னால் புதிதாகக் கட்டிய மண்டபம், பின்னால் தென்னைகள் ஏழு, பள்ளிவாசலுக்கு மூன்று நிமிட நடை. எனது உம்மா ஒரு சோதனை சொல்லித் தந்திருந்தார்: வளவு வாங்கினால் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தேயிலை போட்டுக் குடித்துப் பார். இரும்பு கலந்த தண்ணீரென்றால் தேநீர் கறுத்துவிடும். உவர் என்றால் சீனி எவ்வளவு போட்டாலும் நாக்கு சொல்லிவிடும். குடித்துப் பார்த்தேன். தேநீர் தேநீராகவே இருந்தது. நில அளவையாளரைக் கொண்டுபோய் பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்தோம். வீதிப் பக்க மதில் ஒன்றரை அடி வெளியே நின்றது. கிணறு பக்கத்து வளவோடு பங்கு. இரண்டும் தீர்க்கக்கூடிய விடயங்கள். அயலவர்களும் நல்ல மாதிரி. வீட்டுக்கு முன் அயலவனைப் பார் என்று அரபிகள் சொல்வார்கள், பார்த்தாயிற்று.

விலை 95 இலட்சம். விற்பவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு வியாபாரி. தரகர் நாளுக்கு மூன்று தடவை அழைத்தார். "சேர், கட்டார்ல இருந்து ஒருத்தர் கேட்டுக்கிட்டிரிக்கார். இந்தக் கிழமைக்குள்ள அட்வான்ஸக் குடுங்க" என்பார். வீடு பார்க்கிற எல்லாருக்கும் பின்னால் கட்டாரில் ஒருவர் இருந்துகொண்டே இருக்கிறார். எனது சொந்த மகனே கட்டாரில் இருந்ததால் அவரைப் பற்றி நான் அவ்வளவாகப் பயப்படவில்லை.

விற்பவரின் நொத்தாரிசு தந்த குறிப்பு ஒரு பக்கம்தான். 2009 ஆம் ஆண்டு உறுதி, அவர் பெயரில், முழு வளவுக்கும். பதிவு செய்யப்பட்டது. வங்கி ஈடு ஒன்று இருந்து மீட்கப்பட்டது. வில்லங்கம் இல்லை. வேறு என்ன வேண்டும் என்பது போல அதைத் தந்தார்கள்.

இங்கே ஒரு விடயத்தைப் படித்தவர்கள்கூடச் சரியாக விளங்கி வைத்திருப்பதில்லை. எமது நாட்டில் பெரும்பாலான இடங்களில் பதியப்படுவது உறுதியே தவிர உரிமை அல்ல. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்கிறது. 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் அதைப் பதியச் சொல்கிறது. பதிவகத்தார் உங்கள் கடதாசியை ஏட்டில் ஏற்றிக்கொள்கிறார்கள். அதில் எழுதியிருப்பது உண்மைதானா, எழுதிக்கொடுத்தவருக்கு அந்தக் காணி சொந்தமா என்று அவர்கள் விசாரிப்பதில்லை. விசாரிப்பது அவர்களுடைய வேலையுமல்ல. உரிமையையே ஆராய்ந்து பதியும் முறை 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் 'பிம்சவிய' என்ற பெயரில் வந்தது. தெரிவு செய்யப்பட்ட பகுதிகளில்தான் அது நடந்திருக்கிறது. ஆகவே, "பதிஞ்ச உறுதி இரிக்கி" என்று ஒருவர் சொன்னால், ஓர் உறுதி பதியப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு ஒரு பொருளும் இல்லை.

நான் காணிப் பதிவகத்துக்குப் போய், விண்ணப்பம் எழுதி, கட்டணம் கட்டி, உறுதியின் ஓரத்திலிருந்த தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் கொடுத்தேன். 'ஃபோலியோ' என்று எல்லாரும் சொல்லும் அந்தப் பதிவுத் தாள் வந்தது. ஓரங்கள் உதிரத் தொடங்கிய பழைய தாள். அதிலிருந்து முந்திய தாளுக்கு, அதிலிருந்து அதற்கும் முந்தியதற்கு. முப்பது வருடமாவது பின்னால் போக வேண்டும் என்பது சட்டத்தரணிகளின் வழக்கம். நான் நாற்பத்து நான்கு வருடம் போனேன், வேறொன்றுமில்லை, வாத்தியார்ப் புத்தி.

1974: ஒரு தகப்பன் தனது மகளுக்கு இந்த வளவை நன்கொடையாக எழுதுகிறார். சீதன உறுதி என்பது தெளிவு. அந்த மகள்தான் விற்பவரின் தாய். அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றுமில்லை. 2006: அந்தப் பெண்மணியின் மூத்த மகள் தனது பிரிக்கப்படாத நாலில் ஒரு பங்கைத் தம்பிக்கு எழுதுகிறார். 2009: தம்பி, முழு வளவுக்கும் தானே உரித்தாளி என்று தானே சொல்லி ஓர் உறுதி எழுதிக்கொள்கிறார். பத்து வருடத்துக்கு மேல் தடையின்றி ஆண்டு வருகிறேன் என்ற வாசகத்தோடு.

நாலில் ஒரு பங்கு. நான் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். மத்ரஸாவில் ஃபறாயிழ் ஓதியவர்கள் இதை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்து விடுவார்கள். தாய் மரண சாசனம் எழுதாமல் மௌத்தாகிறார். கணவர் முந்திவிட்டார். ஒரு மகனும் ஒரு மகளும் மட்டுமே என்றால் மகளின் பங்கு மூன்றில் ஒன்று. நாலில் ஒன்று என்று வர வேண்டுமானால் ஒரு மகனும் இரண்டு மகள்மாரும் இருக்க வேண்டும். மகனுக்கு இரண்டு, மகள்மாருக்கு ஒவ்வொன்று. 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் மரண சாசனமின்மைக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றத்திலும் இதே கணக்குத்தான். மூத்தவர் தனது ஒன்றை எழுதிவிட்டார். தம்பியிடம் மூன்று. மிகுதி ஒரு பங்கு, அதாவது 5 பேர்ச்சஸ், எந்த உறுதியிலும் இல்லாத ஒருவரிடம் இருந்தது.

அன்று அஸருக்குப் பிறகு அந்த ஒழுங்கையின் மூலை வீட்டில் இருந்த மூத்தம்மா ஒருவரிடம் போனேன். எண்பது வயதிருக்கும். வெற்றிலையை இடித்தபடியே சொன்னார்: "அவக்கு மூணு புள்ளயள் மகன். கடைசிப் பெட்டய மன்னார்க்காரப் பொடியனுக்குக் குடுத்த. புத்தளத்துல இரிக்கா. உம்மா மௌத்துக்கு வந்தவ, பொறகு வரல்ல." கந்தோர்களில் நான்கு நாள் தேடியது இங்கே நான்கு வசனத்தில் கிடைத்துவிட்டது. பிரதேச சபையின் சோலை வரிப் பதிவும் வேறொரு சாட்சி சொன்னது: வரி இன்னும் தாயின் பெயரிலேயே போய்க்கொண்டிருந்தது. மௌத்தாகி 22 வருடமாகியும் அந்தப் பெண்மணி ஒழுங்காக வரி கட்டிக்கொண்டிருந்தார்.

விற்பவரிடம் நேரே கேட்டேன். அவர் மறைக்கவில்லை, கோபப்பட்டார். "அவக்கு நகையாக் குடுத்தாச்சி சேர். முப்பது பவுண். உம்மா படுக்கையில கெடந்த ரெண்டு வருஷமும் பாத்தது நானும் எண்ட பொண்டாட்டியும். அவ ஒரு நாள் வந்து முகம் கழுவி விட்டிரிக்காவா?" அவர் சொன்னதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் இது பொதுவான நியாயம். சீதனம் கொடுத்தாயிற்று, ஆகவே வாரிசுரிமை முடிந்தது. தலைமுறை தலைமுறையாக இந்த நியாயத்தில்தான் வளவுகள் கைமாறி வருகின்றன. ஆனால் உயிரோடிருக்கும்போது தாய் கொடுத்தது நன்கொடை. மௌத்துக்குப் பின் வருவது அல்லாஹ் விதித்த பங்கு. சூறத்துன் நிஸாவின் ஏழாம் வசனம், விட்டுச் சென்றது சொற்பமோ அதிகமோ பெண்களுக்கும் அதில் பங்குண்டு என்று பேசுகிறது. ஜும்ஆவில் நாம் கேட்டுத் தலையாட்டுகிற வசனம்தான்.

எனது சட்டத்தரணி வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி பத்து வருடம் எதிரிடையாக ஆண்டால் உரிமை வரும் என்பது சரி. ஆனால் பங்காளி ஒருவன் ஆள்வது எல்லாப் பங்காளிகளுக்காகவும் ஆள்வதாகவே கொள்ளப்படும். மற்றவர்களை வெளிப்படையாக விலக்கியதைக் காட்டாமல் எத்தனை வருடம் இருந்தாலும் போதாது. 1911 இல் இலங்கை வழக்கொன்றில் பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் நிற்கிறது. "அவ வழக்குப் போடாம விடலாம். போட்டா, உங்கட மகள்தான் எதிராளி" என்றார். அந்த ஒரு வசனம் போதுமாயிருந்தது. வாங்குவது நான். வழக்கு வந்தால் கூண்டில் நிற்கப் போவது அவள்.

இன்னொன்றும் எனக்கு நினைவுக்கு வந்தது. எங்கள் ஷாஃபி மத்ஹபில் ஷுஃப்ஆ, அதாவது முன்வாங்கும் உரிமை, அயலவனுக்கு இல்லை; பங்காளிக்கு உண்டு. பங்காளி விற்றால் மற்றப் பங்காளி அதே விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளக் கேட்கலாம். வடக்கிலே தேசவழமைச் சட்டத்தின் கீழ் இதற்கு ஒப்பான உரிமை நீதிமன்றத்திலேயே செல்லும். எங்கள் பக்கத்தில் அது கிதாபுகளில் மட்டும் இருக்கிறது. ஆக, நான் வாங்க நின்ற வீட்டை என்னைவிட முதலில் கேட்கக்கூடியவர் புத்தளத்தில் இருந்தார்.

வீட்டில் மனைவிக்கும் எனக்கும் அன்றிரவு நடந்ததை விரிக்கத் தேவையில்லை. "நாலு மாசத்துல கலியாணம். நீங்க ஆர்ரயோ புள்ளக்கிப் பங்கு பிரிக்கப் போறீங்க" என்றாள். அவள் கேட்டது அநியாயமான கேள்வியுமல்ல. மகள் மட்டும் மெதுவாக, "அவங்களுக்குத் தெரியாம இந்த வீட்டுல நான் எப்படி வாப்பா தொழுற?" என்றாள்.

மட்டக்களப்பு, பொலன்னறுவை, அனுராதபுரம் என்று பஸ் மாறி மாறிப் புத்தளம் போய்ச் சேர்ந்தேன். அழுது ஆறுதல் தேடும் ஒரு தங்கச்சியைக் காணப் போகிறேன் என்று வழியெல்லாம் எண்ணியிருந்தேன். கதவைத் திறந்தவர் நான் யார், ஏன் வந்தேன் என்பதைக் கேட்டு முடித்ததும் கதிரையைக் காட்டி, முதற் கேள்வியாக, "அங்க இப்ப பேர்ச்சஸ் என்ன விலக்கிப் போகுது காக்கா?" என்றார்.

பிறகு உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவருடைய பிறப்புச் சான்றிதழ், தாயின் மரணச் சான்றிதழ், 1974 ஆம் ஆண்டு உறுதியின் பிரதி ஒன்று. இருபத்திரண்டு வருடமாக அது அந்தப் பையில் இருந்திருக்கிறது. அவருடைய கணவரின் குடும்பம் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட குடும்பம். உடுத்த உடுப்போடு வந்தவர்கள். உறுதி அங்கேயே போயிற்று. 2009 க்குப் பின் திரும்பிப் போனபோது வளவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் உரிமை கோர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை ஆட்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்ததை அவர் என்னைவிட நன்றாக அறிந்து வைத்திருந்தார். "கடதாசி இல்லாம அலையிறது என்னண்டு மாமி வீட்டுல வந்துதான் படிச்ச" என்றார்.

"காக்காட்ட ஏன் கேக்கல்ல?" என்றேன். "கேட்டா காக்கா இல்லாமப் போயிருவார். கேக்காம இருந்தா காக்காவும் இரிப்பார், பங்கும் இரிக்கும் எண்டு நெனச்ச" என்றார். நகை முப்பதல்ல, இருபத்திரண்டு பவுண் என்று ஒரு திருத்தமும் சொன்னார். தாயைப் பார்த்தது நானாவின் மனைவிதான் என்பதை மறுக்கவில்லை.

வீட்டை அவரே எடுத்துக்கொள்கிறாரா என்று கேட்டேன். முறைக்காகக் கேட்டேன் என்று நினைத்துவிடக் கூடாது. எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தால் நான் திரும்பிப் போய் வேறு வீடு பார்த்திருக்க வேண்டும். வேண்டாம், பிள்ளைகள் இங்கேயே படிக்கிறார்கள், காசாகத் தரட்டும் என்றார்.

பேரம் ஒன்றரை மாதம் நடந்தது. நானா ஐந்து இலட்சம் தருவேன் என்றார். தங்கச்சி 95 இல் நாலில் ஒன்று என்றார். பள்ளிவாசல் மரைக்காயர்கள் இருவர் உட்கார்ந்தார்கள். கடைசியில் ஒரு பழைய மேசன்மார் வந்து, நானா கட்டிய மண்டபத்தையும் குளியலறையையும் 11 இலட்சம் என்று மதித்தார். அதைக் கழித்து மிகுதி 84. அதில் நாலில் ஒன்று 21 இலட்சம். தாயைப் பார்த்ததற்கு என்ன விலை போடுவது என்று ஒருவர் கேட்டார். விற்பவரின் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து, "அதுக்கு ஒண்டும் போட வேணாம்" என்றார். அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டவற்றில் எனக்கு மறக்காதது அதுதான்.

தரகர் தனது தரகுப் பணத்தைக் குறைக்கவில்லை. கட்டார்க்காரரும் வரவில்லை.

உறுதி இருவரும் சேர்ந்து எழுதியது. தங்கச்சி புத்தளத்திலிருந்து கணவரோடு வந்தார். நொத்தாரிசு வாசித்துக் காட்டியபோது, எல்லைகளையும் கிணற்றுப் பங்கையும் இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். காசோலைகள் இரண்டு தனித்தனியாகக் கொடுத்தேன். ஒருவர் கையில் கொடுத்து மற்றவருக்குப் பிரிக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கையெழுத்து முடிந்த பின் நானாவும் தங்கச்சியும் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஆனால் ஒரே முச்சக்கர வண்டியில்தான் போனார்கள். எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த நாளே உறுதியைப் பதிவுக்குக் கொடுத்தேன்.

நிக்காஹ் ஒரு மாதம் பிந்தியது. சம்பந்தி வீட்டார் முகம் கொஞ்சம் சுழித்துப் பின் சரியானார்கள்.

எஞ்சியிருந்தது மகளுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதி. அதை எழுதப் போகும்போது நுஃமான் இப்னு பஷீர் (றழி) அவர்களின் செய்தி உறுத்தத் தொடங்கியது. தகப்பனார் ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்து அதற்கு நபியவர்களைச் சாட்சியாக வைக்க விரும்பினார். மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டு, இல்லை என்றதும் நபியவர்கள் சாட்சியாக நிற்க மறுத்துவிட்டார்கள். எனக்கும் இரண்டு ஆண் மக்கள். அதிலொருவனின் காசும் இந்த வீட்டில் கிடக்கிறது. எங்கள் ஊர் வழமைப்படி ஆண் பிள்ளைகளிடம் இதைக் கேட்பதே இல்லை. அவன் இன்னொருத்தி வீட்டுக்குப் போகிறவன்தானே.

இளையவனை முன்னால் இருத்தி, மூத்தவனைத் தொலைபேசியில் எடுத்து, மகளும் மனைவியும் கேட்க, இருப்பதையெல்லாம் சொன்னேன். வீடு இவளுக்கு, மிஞ்சிய மூன்று ஏக்கர் வயல் உங்கள் இருவருக்கும், கணக்கில் கூடுதல் குறைவு இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்றேன். இளையவன் சிரித்து மழுப்பினான். மூத்தவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வயல் உறுதிர கொப்பி ஒண்டு எனக்கும் அனுப்புங்க வாப்பா" என்றான்.

அனுப்பினேன். பதிவுத் தாளின் பிரதியையும் சேர்த்து.